கோவைக்கு ஒரு நாள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார். இவை பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் இருக்கும் ஊர்கள். இங்கே வீட்டில் தமிழ் பேசுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். அடுப்படியில் தமிழ். கடைத்தெருவில் இரண்டும் கலந்த பேச்சு.

மகளுக்குக் கல்யாணம் என்றால் இவர்கள் எங்கே போய்த் துணி எடுக்கிறார்கள்? மாநிலத் தலைநகர் திருவனந்தபுரம். அது ரொம்ப தூரம். கொச்சியும் தூரம்தான். ஆனால் காலையில் பஸ் ஏறினால் பதினொரு மணிக்குள் கோவைக் கடை வீதியில் நிற்கலாம். சாமான் வாங்கலாம். கோயில் பார்க்கலாம். இருட்டியதும் வீடு திரும்பலாம். வாளையாரிலிருந்து உக்கடம் சுமார் 25 கிலோமீட்டர்தான். பாலக்காட்டிலிருந்தே 50 கிலோமீட்டர் அளவுதான்.

எல்லையில் மற்ற ஊர்களிலும் இதே கதைதான். அட்டப்பாடிக்காரர்கள் ஆனைகட்டி வழியாகக் கோவைக்கு வருகிறார்கள். இடுக்கி மாவட்டத்தில் மறையூர்க்காரர்கள் சின்னாறு காட்டைத் தாண்டி உடுமலைப்பேட்டைக்கு வருகிறார்கள். குமுளிக்காரர்கள் மலை இறங்கிக் கம்பத்துக்கு வருகிறார்கள். பூப்பாறைப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூருக்கு இறங்குகிறார்கள். 2023 ஜூனில் போடிக்கு மீண்டும் ரயில் வந்தது. அதில் ஏறினால் மதுரைக்கும் போய் வரலாம்.

மலையில் ஒரு வாசல்

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீண்ட மதில் போல நிற்கிறது. அந்த மதிலில் பெரிய வாசல் ஒன்று இருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம். ஆடி மாதத்தில் காற்று இந்த வாசல் வழியாகத்தான் கோவைப் பக்கம் பாய்ந்து வருகிறது. மனிதர்களும் காலம் காலமாக இந்த வழியில்தான் நடந்தார்கள். கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் ஒரு பாறையில் பழைய கல்வெட்டு இருக்கிறது. அது ‘ராஜகேசரிப் பெருவழி’ என்ற சாலையைச் சொல்கிறது. சோழர் காலத்துச் சாலை அது. கோவையை அடுத்த வெள்ளலூரில் ரோம் நாட்டுக் காசுகள் கிடைத்தன. மேற்குக் கடற்கரையில் இறங்கிய வியாபாரிகளின் பணம் இந்த வழியாக உள்ளே வந்திருக்கிறது.

பிறகு ரயில் வந்தது. சென்னையிலிருந்து போட்ட பாதை 1862இல் போத்தனூரைத் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போயிற்று.

அப்போது மாநில எல்லை இப்போது போல இல்லை. பாலக்காடு மலபார் மாவட்டத்தில் இருந்தது. மலபார் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. கோவையும் அதே மாகாணம்தான். கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகா மட்டும் கொச்சி ராஜாவின் ஆட்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தன. மலபாரும் கொச்சியும் திருவிதாங்கூரும் சேர்ந்து கேரளம் ஆயின. தமிழ் பேசும் மக்கள் நிறைந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களும் கேரளத்தில் இருந்தன. அவை 1972இல் புதிதாகப் பிறந்த இடுக்கி மாவட்டத்தில் சேர்ந்தன.

கோடு போட்டாயிற்று. ஆனால் மாமன் வீடும் மச்சான் வீடும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்தன. சந்தையும் அப்படியே இருந்தது. தண்ணீரும் அப்படித்தான். கோவையில் குடிக்கிற சிறுவாணித் தண்ணீர் ருசியாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில். 1973இல் இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டன. அணையிலிருந்து தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கோவைக்கு வருகிறது. பாலக்காட்டுக்காரர் கோவை ஓட்டலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால், அது அவர் மாவட்டத்துத் தண்ணீர்.

ஏறும்போதே கேட்க வேண்டியது

கேரள பஸ்ஸில் பலகை பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். தமிழ்நாட்டு பஸ்ஸில் தமிழில் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். ‘உக்கடம்’, ‘காந்திபுரம்’ என்ற இரண்டு பெயர்களும் கண்ணில் படும். இரண்டும் கோவைக்குள்தான் இருக்கின்றன. ஆனால் வேறு வேறு இடங்கள். துணிக்கடைகளும் பெரிய கடை வீதியும் உக்கடத்துக்குப் பக்கம். சந்தேகம் இருந்தால் கேட்டுவிடலாம்.

“ஏனுங்க, இந்த பஸ் உக்கடத்துல நிக்குங்களா?”

கேட்பதில் வெட்கம் இல்லை. படித்தவர்களும் கேட்டுத்தான் ஏறுகிறார்கள். திரும்பி வரக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கோவை நகருக்குள் ஓடும் டவுன் பஸ்களில் ஒரு வசதி உண்டு. 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் ஒரு திட்டம் தொடங்கியது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. காசு இல்லாவிட்டாலும் டிக்கெட் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லா டவுன் பஸ்ஸுக்கும் இது கிடையாது. “இது சாதா பஸ்ஸுங்களா?” என்று கேட்டு ஏறுவது நல்லது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் பஸ்ஸுக்கும் இது பொருந்தாது.

ரயிலில் போகிறவர்கள் வாளையாருக்கும் மதுக்கரைக்கும் நடுவே ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் காடு தெரியும். அது யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும் இடம். பல யானைகள் அங்கே ரயிலில் அடிபட்டுச் செத்திருக்கின்றன. 2024 பிப்ரவரியில் மதுக்கரைப் பக்கம் யானை வருவதைக் கண்டுபிடிக்கும் கேமராக்களைத் தமிழ்நாட்டு வனத்துறை வைத்தது. யானை வந்தால் ரயில் ஓட்டுநருக்குச் சேதி போகும். அந்த இடத்தில் ரயில் மெதுவாகப் போனால் அலுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கடை வீதி

உக்கடம் பெரிய குளத்தைத் தாண்டினால் டவுன்ஹால். 1892இல் கட்டிய மண்டபம் அது. அதைச் சுற்றித்தான் பழைய கடை வீதிகள். ஒப்பணக்கார வீதியில் துணி. பெரிய கடை வீதியில் நகை, பாத்திரம், துணி எல்லாம் கலந்து இருக்கும். ரங்கே கவுடர் வீதியில் மளிகை மொத்த விலைக்கு. கோனியம்மன் கோயிலும் இங்கேதான். காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் புதுக் கடைகள், பெரிய கடைகள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. வேண்டியதை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தவர்களுக்குக் காலும் வலிக்காது. பணமும் ஓடாது.

கோவைக்கென்று சில பொருள்கள் உண்டு. ஒன்று கோரா சேலை. பட்டும் பருத்தியும் சேர்த்து நெய்வது. இன்னொன்று மாவாட்டும் கிரைண்டர். 1950களில் கோவையில்தான் மின்சாரக் கிரைண்டர் பிறந்தது. ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து கை ஓய்ந்துபோன பெண்களுக்கு அது பெரிய விடுதலை. இரண்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதாவது, இந்தப் பெயர் இந்த ஊர்ப் பொருளுக்கே உரியது என்று அரசு எழுதிக் கொடுத்திருக்கிறது.

கிரைண்டர் வாங்கும்போது கடையிலேயே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சத்தத்தைக் கேட்க வேண்டும். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று படிக்க வேண்டும். முத்திரை இல்லாத வாரண்டி அட்டை வெறும் அட்டைதான்.

பாக்கெட்டில் அடைத்த பொருளில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கும். எம்.ஆர்.பி. என்று சொல்வார்கள். எல்லா வரியும் அதற்குள் அடக்கம். அதற்கு மேலே வரி என்று ஒரு ரூபாய் கூடக் கேட்கக் கூடாது. தராசில் நிறுத்து வாங்கும்போது, பொருள் வைப்பதற்கு முன்னால் எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

நகைதான் பெரிய விஷயம். பல வருஷச் சேமிப்பு அதில் போகிறது. தங்க நகையில் மூன்று அடையாளங்கள் இருக்க வேண்டும். முதலாவது, பி.ஐ.எஸ். என்ற அரசு அமைப்பின் முக்கோண முத்திரை. இரண்டாவது, தரம். 22 காரட் நகை என்றால் 22கே916 என்று இருக்கும். நூறு பங்கில் 91.6 பங்கு தங்கம் என்று அர்த்தம். மூன்றாவது, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கம். இது ஒவ்வொரு நகைக்கும் தனித்தனி. ஒரு நகையின் இலக்கம் இன்னொரு நகைக்கு வராது. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கம் இல்லாமல் கடைகள் முத்திரை நகை விற்கக் கூடாது. எழுத்து மிகச் சிறியது. கடையில் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்க்கலாம். கைப்பேசி வைத்திருப்பவர்கள் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த இலக்கத்தைப் போட்டுச் சரிபார்க்கலாம். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு இந்த முத்திரை கட்டாயம் இல்லை. சின்ன மூக்குத்தியில் அது இல்லை என்று சண்டை போட வேண்டாம்.

கல் வைத்த நகையில் கல்லின் எடை வேறு. தங்கத்தின் எடை வேறு. தங்கத்தின் சரியான எடையும் தரமும் பில்லில் எழுதியிருக்க வேண்டும்.

“பில் போடணுங்களா அக்கா?”

சில கடைகளில் இப்படிக் கேட்பார்கள். “பில் போட்டா வரி சேருமுங்க. சும்மா எழுதிக் குடுத்தா அது உங்களுக்கு மிச்சமுங்க” என்பார்கள். ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தருவார்கள். ‘எஸ்டிமேட்’ என்று மேலே அச்சடித்திருக்கும். அது பில் இல்லை. விலை இவ்வளவு ஆகலாம் என்ற கணக்குச் சீட்டு. விற்றேன் என்று அதில் எங்கும் இல்லை.

மிச்சமாகும் பணம் யாருக்கும் ஆசை காட்டும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 6,000 ரூபாய்க்கு ஒரு கிரைண்டர் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். பில் இல்லாமல் சில நூறு ரூபாய் மிச்சம். இரண்டாவது மாதம் மோட்டார் நின்றுவிட்டது. கிரைண்டரைச் சுமந்துகொண்டு எல்லை தாண்டிக் கோவைக்கு வந்தால், “இது எங்க கடையில வாங்கினதுங்களா?” என்று கேட்டால் என்ன சொல்வது? சில நூறு மிச்சம் பிடித்து ஆறாயிரத்தை இழந்த கதையாகிவிடும்.

கைப்பேசியில் பணம் அனுப்பினால் அதுவே சாட்சி ஆகாதா? பணம் போனதற்கு அது சாட்சிதான். ஆனால் என்ன பொருள், எந்த மாடல், எத்தனை கிராம் என்று அந்தச் சேதியில் இருக்காது.

நல்ல பில்லில் கடையின் பெயரும் முகவரியும் இருக்கும். தேதி, பொருளின் பெயர், விலை, வரி இருக்கும். வரி வாங்கும் கடை என்றால் ஜி.எஸ்.டி. எண் இருக்கும். அதில் எண்ணும் எழுத்துமாக 15 இலக்கம். முதல் இரண்டு எண்களைப் பார்த்தாலே எந்த மாநிலத்துக் கடை என்று தெரிந்துவிடும். தமிழ்நாடு என்றால் 33. கேரளம் என்றால் 32. சின்னக் கடைகளுக்கு இந்த எண் இருக்காது. எண் இல்லாத கடை ஜி.எஸ்.டி. என்று சொல்லித் தனியாகப் பணம் வாங்கவும் கூடாது.

இந்த வரி 2017 ஜூலை 1ஆம் தேதி வந்தது. அதற்கு முன்னால் வாளையார் சோதனைச் சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். வரிக் கணக்குப் பார்த்து அனுப்புவதற்குள் விடிந்துவிடும். அந்த வரிச் சோதனை இப்போது இல்லை.

கொஞ்சம் ஊர் பார்க்க

சாமான் வாங்கி முடிப்பதற்கு முன்னால் ஊர் பார்ப்பதுதான் நல்லது. கை நிறையப் பையோடு கோயில் படி ஏற முடியாது. மேற்கே சுமார் 6 கிலோமீட்டரில் பேரூர். நொய்யல் ஆற்றங்கரையில் பட்டீசுவரர் கோயில். கனகசபை மண்டபத்தின் தூண்களில் ஆள் உயரச் சிற்பங்கள். கூரையில் கல்லிலேயே செதுக்கிய சங்கிலி. ஒரே கல்லில் வளையம் வளையமாகச் செதுக்கியிருக்கிறார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுபவரும் அந்த உளி வேலையைப் பார்க்கலாம். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே போக வேண்டும். மருதமலைக்குப் போனால் பாதி நாள் ஆகிவிடும். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆர்.எஸ்.புரம் பக்கம் வனக் கல்லூரி வளாகத்தில் காஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. காஸ் என்பவர் வெள்ளைக்கார வன அதிகாரி. 1902இல் அது திறக்கப்பட்டது. மரங்களின் துண்டுகளும் பாடம் செய்த விலங்குகளும் அங்கே உண்டு. அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போக வேண்டும். அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு பெயரில் அறிவியல் கண்காட்சி இருக்கிறது. அதிகம் பள்ளிக்கூடம் போகாத மனிதர் அவர். 1920இல் ஒரே ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டினார். பிறகு மோட்டார் செய்தார். எத்தனையோ கருவிகள் செய்தார்.

வ.உ.சி. பூங்காவுக்குப் போக விரும்புபவர்கள் உண்டு. அங்கே முன்பு சின்ன விலங்குக் காட்சிச்சாலை இருந்தது. 2022இல் அதன் அங்கீகாரம் ரத்தாகிவிட்டது. மிருகம் காட்டுகிறேன் என்று சொல்லிப் பிள்ளைகளை அழைத்து வந்தால் திரும்பும் வரை அழுகைதான். ஆனால் பூங்காவின் பெயரைப் பற்றிச் சொல்லலாம். தூத்துக்குடி வக்கீல் வ.உ. சிதம்பரனார் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்டவர். 1908இல் அவரைக் கோவைச் சிறையில் அடைத்தார்கள். மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கு இழுக்க வைத்தார்கள். 1910இல் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். அந்தக் கண்ணூர் இப்போது கேரளத்தில் இருக்கிறது. அவர் இழுத்த செக்கு கோவையில் நினைவுச் சின்னமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு

பொருள் கெட்டுப் போனால் என்ன செய்வது? “கடை தமிழ்நாட்டில். வீடு கேரளத்தில். யாரிடம் போய் முறையிடுவது?” என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

முன்பு அதில் நியாயம் இருந்தது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி, கடை இருக்கும் மாவட்டத்தில் அல்லது பிரச்சினை நடந்த மாவட்டத்தில்தான் வழக்குப் போட வேண்டும். கோவையில் வாங்கியவர் கோவைக்கே அலைய வேண்டும். ஒவ்வொரு தடவையும் பஸ் செலவு. ஒரு நாள் கூலியும் போய்விடும். 2019இல் புதுச் சட்டம் வந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கோவையில் வாங்கிய கிரைண்டருக்குப் பாலக்காட்டு நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கம்பத்தில் வாங்கிய பொருளுக்குக் குமுளிக்காரர் இடுக்கி மாவட்டத்திலேயே போடலாம். இந்த மாற்றம் எல்லையில் வாழ்பவர்களுக்குத்தான் மற்ற எவரையும் விட அதிகம் உதவும்.

வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று சில பில்களில் அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. குறை உள்ள பொருளை பில்லில் சொன்ன நாள்களுக்குள் திருப்பி எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று புதுச் சட்டம் சொல்கிறது. பில்லில் நாள் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள். பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தபோது சேலையின் நிறம் பிடிக்கவில்லை என்றால் அது குறை ஆகாது. அதைக் கடைக்காரரின் மனசு பார்த்துத்தான் மாற்ற முடியும்.

முதலில் கடைக்கே போன் செய்து பேசுவதுதான் வழக்கம். பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் கிடையாது. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால், கடைக்கு ஒரு கடிதம் எழுதி, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்ப வேண்டும். தபால் ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆணையத்துக்கு மனு.

எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். இப்போது பல கடைகளில் வழுவழுப்பான தாளில் மிஷின் பில் தருகிறார்கள். அந்த எழுத்து மையால் அச்சிட்டது அல்ல. சூட்டினால் வருவது. சில மாதத்தில் மங்கி, தாள் வெள்ளையாகிவிடும். அடுப்புப் பக்கம் வைத்தால் கறுத்துப் போகும். அதனால் வாங்கி வந்த வாரத்திலேயே ஒரு ஜெராக்ஸ் எடுத்து, வாரண்டி அட்டையோடு சேர்த்து ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வைத்துவிட வேண்டும்.